2016இல் ஜெஸ்ஸி போட்ட ராஸ்பெரி பை 3ஐ இப்போது எப்படிப் புதுப்பிப்பது?

கேள்வி இதுதான். ராமமூர்த்தி நகரில் ஒரு சின்ன அபார்ட்மென்ட். 2016இல் அங்கே குடியிருந்த ஒருவர் ராஸ்பெரி பை 3 என்ற கையளவு கம்ப்யூட்டர் வாங்கி, அதன் அப்போதைய ஓஎஸ்ஸான ராஸ்பியன் ஜெஸ்ஸி போட்டு, சம்ப்பில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து மேல் டேங்க்குக்கு மோட்டார் போடுகிற மாதிரி பைத்தானில் எழுதி வைத்துவிட்டு, வீடு மாறிப் போய்விட்டார். இப்போது மொபைலுக்கு அலர்ட் வருவது நின்றுவிட்டது. மென்பொருள் நிறுவும் ஆப்ட் கருவியில் அப்டேட் கொடுத்தால் வரிசையாக 404, கேட்ட கோப்பு அங்கே இல்லை என்ற பிழை. இதை லேட்டஸ்ட் வெர்ஷனுக்கு எப்படி ஏற்றுவது? கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் என்று அசோசியேஷனில் உங்கள் தலையில் கட்டிவிட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பெங்களூரில் எந்த அபார்ட்மென்ட் போனாலும் இப்படி மாட்டிக்கொண்ட ஒருத்தர் இருப்பார்.

நேரடியாகச் சொல்கிறேன்: ஏற்றாதீர்கள். புதுசாக ஒரு எஸ்டி கார்டு வாங்கி, அதில் இப்போதைய ராஸ்பெரி பை ஓஎஸ் (ராஸ்பியனின் புதுப் பெயர்) போட்டு, பழைய கார்டிலிருந்து தேவையான நாலைந்து கோப்புகளை மட்டும் கொண்டுவாருங்கள். பழைய கார்டில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டாம். புதுசு சொதப்பினால் பழசைத் திரும்பச் செருகி இரண்டு நிமிடத்தில் பழைய நிலைமைக்குப் போய்விடலாம், அந்த வசதி அதே கார்டில் மேம்படுத்தினால் கிடையாது.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், ராஸ்பியனுக்கு அடிப்படையான டெபியன் லினக்ஸில் ஒரு வெர்ஷனை விட்டுத் தாண்டிப் போக முடியாது, தாண்டுவதை அவர்கள் ஆதரிப்பதே இல்லை. ஜெஸ்ஸி 8, ஸ்ட்ரெச் 9, பஸ்டர் 10, புல்ஸ்ஐ 11, புக்வோர்ம் 12, ட்ரிக்ஸி 13. ஐந்து படி. ஒவ்வொரு படியிலும் அந்த ஒரு ஜிபி ரேமும் பழைய கார்டும் முக்கி முனகி மணிக்கணக்கில் ஓடும், நடுவில் கரண்ட் போனால் கதை முடிந்தது. அதையும் தாண்டினால் ஒவ்வொரு படிக்கும் ஒரு தனி வில்லங்கம் காத்திருக்கிறது. ஸ்ட்ரெச்சில் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் போய் மரியாடிபி வந்துவிடும். புக்வோர்மில் பைத்தான் 2 அடியோடு இல்லை, நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ள டிஎச்சிபிசிடிக்குப் பதிலாக நெட்வொர்க் மேனேஜர், பை எழத் தேவையான கோப்புகள் இருக்கும் பூட் பகுதியின் இடமே பூட் ஸ்லாஷ் ஃபர்ம்வேர் என்று மாறிவிட்டது. இதில் பலரும் கவனிக்காத ஒன்று, ஜெஸ்ஸி காலத்து இமேஜில் அந்தப் பூட் பகுதி 60 எம்பி சுற்றித்தான் இருக்கும். இப்போதைய இமேஜில் 512 எம்பி. ஓஎஸ்ஸின் மையமான புதுக் கர்னலை அந்தச் சின்ன இடத்தில் திணிக்கப் போய், பாதி எழுதியதும் இடமில்லை என்று நின்றுவிடும். அந்த நிலையில் ரீபூட் செய்தால் பச்சை விளக்குகூட ஒழுங்காக மின்னாது. ராஸ்பெரி பை நிறுவனமே பெரிய வெர்ஷன் மாற்றத்துக்குப் புது இமேஜ்தான் போடச் சொல்கிறது, ஒரு படி ஏறுவதற்கே அப்படி என்றால் ஐந்து படியைப் பற்றி என்ன சொல்ல.

ஆனால் அலர்ட் நின்றதற்குக் காரணம் வேறாக இருக்கலாம், அதை முதலில் பிரித்துப் பாருங்கள். 404 வருவதற்குக் காரணம் எளிது: ஜெஸ்ஸியின் தொகுப்புகளை வழக்கமான மிரர்களிலிருந்து எடுத்து, லெகசி டாட் ராஸ்பியன் டாட் ஆர்க் என்ற பழைய சரக்குக் கிடங்குக்கு நகர்த்திவிட்டார்கள், அவ்வளவுதான். சோர்சஸ் டாட் லிஸ்ட்டில் அந்த முகவரியைப் போட்டால் 404 போகும், ஆனால் புது பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வரப்போவதில்லை. டெபியன் 8க்கு நீண்டகால ஆதரவே 2020 ஜூனில் முடிந்துவிட்டது.

அலர்ட் விஷயத்தில் எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று கடிகாரம். பை 3இல் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது, கரண்ட் போய் வந்தால் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து எழுந்து, நெட் வந்த பிறகுதான் சரியான நேரத்தைப் பிடிக்கும். அது பிடிக்காமல் போனால் ஏதோ ஒரு பழைய தேதியில் உட்கார்ந்திருக்கும், அந்தத் தேதிக்கு எந்த வெப்சைட்டின் சான்றிதழும் இன்னும் பிறக்கவே இல்லை என்று இணைப்பை மறுத்துவிடும். டேட் என்று அடித்துப் பாருங்கள், தெரிந்துவிடும். இரண்டாவது, மூலச் சான்றிதழ், அதாவது மற்ற வெப்சைட் சான்றிதழ்களை நம்ப அடிப்படையாக இருப்பது. லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் சான்றிதழ்கள் பழைய கருவிகளில் நம்பியிருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3 என்ற மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானது. ஜெஸ்ஸியில் சான்றிதழைச் சரிபார்க்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் 1.0.1 போன்ற பழசுகளுக்கு அன்றிலிருந்து பாதி இணையம் இருட்டு. தற்காலிகமாகத் தள்ள வேண்டும் என்றால் அதற்குப் பதிலான புது மூலச் சான்றிதழ், ஐஎஸ்ஆர்ஜி ரூட் எக்ஸ்1 கோப்பை லேப்டாப்பில் இறக்கி, பையில் லோக்கல் சான்றிதழ்கள் வைக்கும் ஃபோல்டரில் போட்டு, அப்டேட் சிஏ சர்டிஃபிகேட்ஸ் ஓட்டி, அந்தக் காலாவதியானதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் போதும். ஒரு வாரம் ஓடும், அதற்குள் வேலையை நிதானமாகச் செய்யலாம். ஆனால் இந்த ஒரு வார ஒட்டு ஒரு வருட ஒட்டாகிவிடும், அது நம் ஊர் வழக்கம், அதனால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதை இன்றைக்கே செய்யுங்கள். வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் ஏதாவது போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். பை என்ற பயனர், ராஸ்பெரி என்ற கடவுச்சொல், இந்த ஜோடி அப்படியே இருந்த பைகளுக்குள் புகுந்து கிரிப்டோ நாணயம் தோண்டிய மால்வேர் ஒன்று 2017இலேயே சுற்றியது. உங்களுடையது மோட்டாரை வேறு இயக்குகிறது.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பையை ஒழுங்காக ஷட்டவுன் செய்து, கார்டை எடுத்து, லேப்டாப்பில் முழு இமேஜாக நகல் எடுங்கள். லினக்ஸ் என்றால் டிடி, விண்டோஸ் என்றால் வின்32 டிஸ்க் இமேஜர். விண்டோஸில் செருகியதும் இந்த டிஸ்க்கை ஃபார்மட் செய்யட்டுமா என்று ஒரு பெட்டி வரும். லினக்ஸ் பகுதியை அதற்குப் படிக்கத் தெரியாது, அதனால் கேட்கிறது. வேண்டாம் என்று சொல்லுங்கள், அவசரத்தில் ஓகே தட்டிவிடாதீர்கள். படிக்கும்போதே பிழை வந்தால் கார்டு சாகக் கிடக்கிறது என்று அர்த்தம், அப்போது டிடிக்குப் பதிலாக டிடிரெஸ்க்யூ. இத்தனை வருடம் லாக் எழுதித் தேய்ந்த கார்டுக்கு அது ஆச்சரியமில்லை.

புது கார்டு பெங்களூரின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்பி ரோட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும், போட்டவுடன் எஃப்3 என்ற கருவியை வைத்து முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். மேலே 64 என்று போட்டு உள்ளே 8 இருக்கிற கார்டுகள் எல்லா இடத்திலும் உலவுகின்றன. சிசிடிவிக்கென்று விற்கும் ஹை எண்டியூரன்ஸ் வகை கொஞ்சம் விலை கூட, ஆனால் இந்த மாதிரி 24 மணி நேரமும் ஓடும் வேலைக்கு அதுதான் சரி. அதே கையோடு அடாப்டரையும் பாருங்கள். பை 3க்கு 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் வேண்டும், யாரோ விட்டுப்போன மொபைல் சார்ஜர் போதாது. விசிஜென்சிஎம்டி கெட் த்ராட்டில்டு என்ற கட்டளைக்கு 0x0 வந்தால் நல்லது. 0x50000 என்றால் பூட் ஆன பிறகு எப்போதோ வோல்டேஜ் இறங்கியிருக்கிறது, 0x50005 என்றால் இந்த நொடியிலேயே இறங்கித்தான் இருக்கிறது. ஓஎஸ்ஸைக் குறை சொல்லும் பாதிக் கேஸ்கள் இந்த ஒரு எண்ணில் தீர்ந்துவிடும்.

புது ஓஎஸ் போட ராஸ்பெரி பை இமேஜர் பயன்படுத்துங்கள், லைட் என்ற வகை போதும், மானிட்டர் இல்லாத பெட்டிக்கு டெஸ்க்டாப் எதற்கு. 64 பிட்டா 32 பிட்டா என்று கேட்பீர்கள். பை 3இன் ப்ராசஸர் 64 பிட்தான், ஒரு ஜிபி ரேமில் 32 பிட் கொஞ்சம் காற்றோட்டமாக ஓடும் என்பதும் உண்மைதான். லைட் போடுவதால் நான் 64 பிட்டையே எடுப்பேன், வெளி மென்பொருள்கள் பலவும் 32 பிட் ஆர்மைக் கைவிட்டுக்கொண்டிருக்கின்றன. இமேஜரின் செட்டிங்ஸிலேயே பயனர் பெயர், கடவுச்சொல், எஸ்எஸ்எச் (வேறு கம்ப்யூட்டரிலிருந்து உள்ளே நுழையும் வழி), வைஃபை, நாடு எல்லாம் போட்டுவிடுங்கள். பழைய குறிப்புகளைப் பார்த்து வைஃபை விவரம் எழுதும் டபிள்யூபிஏ சப்ளிகண்ட் கோப்பைப் பூட் பகுதியில் போட்டுவிட்டு வைஃபை வரவில்லை என்று உட்காராதீர்கள், புக்வோர்மிலிருந்து அதை யாரும் கண்டுகொள்வதில்லை. பை என்ற இயல்புப் பயனரும் 2022 ஏப்ரலிலிருந்து கிடையாது. பழைய ப்ரோகிராம் ஸ்லாஷ் ஹோம் ஸ்லாஷ் பை என்று பாதையை நேரடியாக எழுதியிருக்கும், அதனால் வலுவான கடவுச்சொல்லோடு பை என்றே பெயர் வைத்தால் ஒரு தலைவலி குறையும்.

பழைய கார்டிலிருந்து கோப்பு எடுக்க ஒரு சுலப வழி, அதை யுஎஸ்பி கார்டு ரீடரில் போட்டு, புதுக் கார்டில் ஓடும் அதே பையில் செருகி, இரண்டாவது பகுதியைப் படிக்க மட்டும் என்று மவுண்ட் செய்துகொள்ளுங்கள். ஹோம் ஃபோல்டர் முழுக்க எடுங்கள். அப்புறம் இடிசி ஃபோல்டரில் ஆர்சி டாட் லோக்கல் பாருங்கள், அந்தக் காலத்தில் எல்லோரும் அதில்தான் தங்கள் ப்ரோகிராமைத் தொடங்கி வைப்பார்கள். குறித்த நேரத்தில் ஓட வேண்டியவற்றின் பட்டியலான கிரான்டாப் இரண்டு இருக்கும், பயனருக்கு ஒன்று, ரூட்டுக்கு ஒன்று. வார் ஸ்பூல் கிரான் ஃபோல்டரில் இரண்டும் கிடைக்கும், ரூட்டுடையதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஐபி முகவரியை நிலையாக வைத்திருந்தால் டிஎச்சிபிசிடி கோப்பில் இருக்கும், புதுசில் அதை நெட்வொர்க் மேனேஜரின் என்எம்டியூஐ கருவியில் போட வேண்டும். பூட் பகுதியின் கான்ஃபிக் டாட் டெக்ஸ்ட்டை அப்படியே நகலெடுத்துப் போடாதீர்கள், உள்ளே என்ன வரி சேர்த்திருக்கிறார் என்று படித்து அந்த வரியை மட்டும் புதுக் கோப்பில் எழுதுங்கள்.

இப்போது பைத்தான். இங்கேதான் உங்கள் சனிக்கிழமை போகும். அவர் பைத்தான் 2இல் எழுதியிருப்பார் என்று பந்தயம் கட்டலாம். பிரிண்ட்டுக்கு அடைப்புக்குறி போடுவது சின்ன விஷயம், அது உடனே கத்திவிடும். கத்தாத தவறுதான் ஆபத்து. பைத்தான் 2இல் 7ஐ 2ஆல் வகுத்தால் 3, பைத்தான் 3இல் 3.5. டேங்க்கின் உயரத்தைப் பத்துப் பங்காகப் பிரித்து எட்டாவது பங்கு வந்தால் மோட்டாரை நிறுத்து என்று எழுதியிருந்தார் என்று வையுங்கள். பழசில் 8.3 எல்லாம் 8 ஆகிவிடும், சரியாக நின்றிருக்கும். புதுசில் கணக்கு 7.9இலிருந்து 8.1க்குத் தாவும், எட்டுக்குச் சமமா என்ற நிபந்தனை நிறைவேறவே செய்யாது, மொட்டை மாடியில் தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். வகுத்தல் வருகிற ஒவ்வொரு வரியையும் கண்ணால் பாருங்கள், சமம் என்பதை அதற்கு மேல் அல்லது சமம் என்று மாற்றுங்கள். சென்சார் சீரியல் வழியாகப் பேசினால் வருவது எழுத்துச் சரமாக இல்லாமல் பைட்டுகளாக வரும், டீகோட் செய்யாமல் கமா கொடுத்து ஸ்ப்ளிட் செய்தால் டைப் எரர்.

ஜிபிஐஓ பக்கமும், அதாவது சென்சாரும் ரிலேயும் கட்டுகிற பின்களின் பக்கமும் மாறியிருக்கிறது. ஷெல் ஸ்கிரிப்டில் சிஸ் ஃபோல்டர் வழியாக 18ஆம் பின்னைத் திறந்திருந்தால் இப்போது இன்வாலிட் ஆர்க்யுமென்ட் என்று வரும். கர்னல் 6.6இலிருந்து அந்த எண்கள் 512இல் தொடங்குகின்றன, உங்கள் 18 இப்போது 530. பைத்தானில் பழைய ஆர்பிஐ ஜிபிஐஓ நூலகம் பயன்படுத்தி எட்ஜ் டிடெக்ஷன் (பின்னின் நிலை மாறும் நொடியைப் பிடிப்பது) செய்திருந்தால் அதுவும் அதே காரணத்தால் விழும். அதற்கு ஆர்பிஐ எல்ஜிபிஐஓ என்று ஒரு மாற்று இருக்கிறது, இம்போர்ட் வரியைக்கூட மாற்ற வேண்டியதில்லை, ஆனால் இரண்டையும் ஒன்றாக நிறுவக் கூடாது. ஆப்ட்டிலேயே கிடைக்கிறது. பைத்தான் நூலகம் நிறுவும் பிப் கொடுத்தால் இது வெளியிலிருந்து நிர்வகிக்கப்படும் சூழல் என்று மறுக்கும், அது பிழை இல்லை, சிஸ்டம் பைத்தானைக் காப்பாற்றுகிறார்கள். ஆப்ட்டில் இருப்பதை ஆப்ட்டில் போடுங்கள், மீதிக்கு வென்வ், அதாவது ப்ரோகிராமுக்கென்று ஒரு தனிப் பைத்தான் சூழல்.

மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை, இதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கார்டு மாற்றும் வேலை முடியும்வரை ஸ்டார்ட்டரை மேனுவலில் வைத்து, ரிலேயிலிருந்து வரும் வயரைக் கழற்றிவிடுங்கள். பை எழும்போது உங்கள் ப்ரோகிராம் ஓடத் தொடங்கும்வரை பின்கள் இயல்பு நிலையில் இருக்கும்: 0 முதல் 8 வரை மேலே இழுக்கப்பட்டிருக்கும், 9 முதல் 27 வரை கீழே. கடைகளில் கிடைக்கும் ரிலே போர்டுகள் பலவும் பின் கீழே போனால் ஆன் ஆகிற வகை. அப்படிப்பட்ட போர்டை 17ஆம் பின்னில் கட்டியிருந்தால் ஒவ்வொரு பூட்டிலும் சில நொடிகள் மோட்டார் தட்டிப் பார்க்க வாய்ப்புண்டு, ப்ரோகிராம் பிழையோடு நின்றுவிட்டால் சில நொடி இல்லை, யாராவது பார்க்கும்வரை. சம்ப்பில் தண்ணீர் இல்லாத நாளில் ட்ரை ரன் ஆனால் மோட்டார் காயில் போய்விடும், டேங்கர் காசுக்கு மேல் அது ஒரு செலவு. கான்ஃபிக் டாட் டெக்ஸ்ட்டில் அந்தப் பின்னை அவுட்புட்டாக, மேல்நிலையில் வைக்கச் சொல்லி ஒரு வரி, ஜிபிஐஓ சமம் 17 சமம் ஓபி கமா டிஎச், சேர்த்துவிட்டால் கர்னல் எழுவதற்கு முன்பே அது பிடித்துக்கொள்ளும். அப்படியும் மோட்டாருக்குத் தனியாக ஒரு ட்ரை ரன் பாதுகாப்பு ரிலே இருக்க வேண்டும், லினக்ஸை மட்டும் நம்பி மோட்டாரை விட நான் தயாரில்லை.

எல்லாம் ஓடிய பிறகு ஆர்சி டாட் லோக்கலை மறந்துவிட்டு, ப்ரோகிராம்களைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் ஒரு சர்வீஸ் எழுதுங்கள். விழுந்தால் தானே எழுகிற மாதிரி ரீஸ்டார்ட் ஆல்வேஸ் போடுங்கள், நேரம் சரியான பிறகு தொடங்குகிற மாதிரி டைம் சிங்க் டார்கெட்டுக்குப் பின்னால் வையுங்கள். அதன் லாக்கான ஜர்னலை ரேமில் மட்டும் வைத்தால் கார்டு அதிக நாள் உழைக்கும். பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக வர அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ். ராஸ்பி கான்ஃபிக்கில் ஓவர்லே கோப்பு முறையைப் போட்டுக் கார்டைப் படிக்க மட்டும் ஆக்கலாம், கரண்ட் அடிக்கடி போகிற இடத்தில் அது பெரிய நிம்மதி, ஆனால் அப்போது தானியங்கித் திருத்தமும் ரீபூட்டோடு காணாமல் போகும். இரண்டில் ஒன்றுதான். வெளியிலிருந்து எட்டாத பெட்டி என்றால் ஓவர்லே போட்டுவிட்டு, சில மாதத்துக்கு ஒரு முறை திறந்து கையால் அப்டேட் செய்வதுதான் என் தேர்வு.

உங்களுக்கு இல்லாவிட்டாலும் இதைப் படிக்கிற வேறு சிலருக்கு: போர்டு பை 1 அல்லது முதல் ஸீரோ என்றால் அதன் ப்ராசஸர் பழைய ஆர்ம்வி6 வகை, ராஸ்பெரி பை ஓஎஸ்ஸின் 32 பிட் மட்டும்தான் ஓடும். டெபியனின் சொந்த 32 பிட் வகையான ஆர்ம்எச்எஃப் ஆர்ம்வி7க்காகக் கட்டியது, போட்டால் இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன். ஆல்வின்னர் சிப் போட்ட பழைய ஆரஞ்சு பை மாதிரி இருந்து கர்னல் 3.4இலேயே நின்றிருந்தால், கர்னலை விட்டு மீதியை மட்டும் ஏற்றினால் புது சிஸ்டம்டி அவ்வளவு பழைய கர்னலை ஆதரிப்பதில்லை. இந்த மாதிரி போர்டுகளுக்கென்றே இருக்கும் ஆர்ம்பியன் ஓஎஸ்ஸின் இமேஜ் தேடுங்கள்.

அதே கார்டில் ஏற்றுவதை ஒரே ஒரு சூழ்நிலையில் ஒப்புக்கொள்வேன். பெட்டி ஓசூர் பக்கம் தோட்டத்தில் போர்வெல் ஷெட்டில் இருக்கிறது, நேரில் போக முடியாது, ஒரே ஒரு வெர்ஷன்தான் பின்தங்கியிருக்கிறது என்றால் செய்யலாம். இருக்கிற வெர்ஷனை முதலில் முழுசாக அப்டேட் செய்து, வெளி ரெப்போக்களை நிறுத்தி, பூட் பகுதியில் எவ்வளவு இடம் என்று பார்த்து, இணைப்பு போனாலும் வேலையைத் தொடர்ந்து ஓட்டும் டிமக்ஸுக்குள் உட்கார்ந்து சோர்சஸ் டாட் லிஸ்ட்டில் வெர்ஷன் பெயரை மாற்றி, புதுத் தொகுப்பு சேர்க்காத அப்கிரேட் ஒன்று, அப்புறம் ஃபுல் அப்கிரேட். டிமக்ஸ் இல்லாமல் எஸ்எஸ்எச்சில் நேரடியாக ஓட்டினால் இணைப்பு அறுந்த இடத்தில் தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜியும் அறுந்து கிடக்கும். கான்ஃபிக் கோப்பை மாற்றவா என்று கேட்டால் உங்கள் பழசையே வைத்துக்கொள்ளுங்கள். ரீபூட்டுக்கு முன் நெட்வொர்க் எதை வைத்து எழும் என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பழைய கார்டை மவுண்ட் செய்ததும் அந்த ப்ரோகிராமின் இம்போர்ட் வரிகளையும் ஆர்சி டாட் லோக்கலையும் எடுத்துப் போடுங்கள், எந்தச் சென்சார், எந்தப் பின் என்று பார்த்து மீதியைச் சொல்கிறேன். அலர்ட்டுக்கான டோக்கனும் கடவுச்சொல்லும் அதே கோப்பில் பச்சையாக எழுதியிருப்பார், அனுப்பும் முன் அந்த வரிகளை அழித்துவிடுங்கள்.